முள் சாத்திய உத்திரம்

கூரை வேண்டாது மரநிழலே போதுமென்று காட்டோரத்தில் காவல் கொண்டமர்ந்த சாத்தாவின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். எருக்கையும் ஊமத்தையையும் வெறுக்காது சடையில் ஏற்ற பெருமானை அடுத்து வணங்குகிறேன். இருவரும் பொறுமையே உருவானவர்கள். அந்தப் பொறுமையில் ஒரு துளி எனக்கு வாய்த்திருந்தால் இக்கட்டுரையை எழுதவேண்டிய தேவையே எழுந்திராது.

பங்குனித் திங்கள், வளர்பிறை, பெருமானுக்குரிய திருவாதிரை நன்னாள், வியாழக்கிழமை. காலையில் பூசையை முடித்துத் திசையன்விளையிலிருந்து புறப்பட்டேன். புறப்பட வைத்தவன் என் மைத்துனன் சங்கரலிங்கம். அம்பாசமுத்திரத்தில் இருக்கிறான், எங்கள் இரு குடும்பத்துக்கும் பொதுவான குலதெய்வக் கோயிலின் நிர்வாகம் அவன் கையில்.

அக்கோயில் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சோலையொன்றில் இருக்கிறது. கோபுரம் இல்லை, மண்டபம் இல்லை. சாத்தா பீடத்தில் இருப்பார். அவருக்குமேல் ஓர் இலுப்பை. அவருக்குக் கூரை போடக்கூடாது என்பது எங்கள் குலத்து வழக்கம். சென்ற ஐப்பசிக் காற்றில் அந்த இலுப்பை வேரோடு சாய்ந்துவிட்டது.

தொலைபேசியில் சங்கரலிங்கம் சொன்னான்: "அத்தான், சாமி வெயில்ல கெடக்காரு. பாக்கச் சகிக்கல. உத்திரத்துக்கு ஆளு வாறதுக்குள்ள தகரம் போட்டுரலாம்னு இருக்கோம்."

தகரம்! வண்டு முரலும் சோலைக்குள் வீற்றிருப்பவனாகவே இறைவனைப் பாடிப் பழகிய நாவு எனக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் காதிலிருந்து தொலைபேசியை எடுத்துவிட்டு ஒருமுறை ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டேன்.

"சாமியிடம் பூக்கட்டி உத்தரவு கேட்டுப் பார்த்தாயா?" என்றேன்.

"பாத்தாச்சு. அந்த மரத்தோட வாரிசு ஒண்ணு தோப்புல இருந்தா, அது வளருத வரைக்கும் வெயில்லயே இருந்துக்கிடுதேன்னு உத்தரவு. ஆனா கன்னு எங்க இருக்கு? சல்லடை போட்டுச் சலிச்சாச்சு. ஒண்ணுங் கெடையாது. உத்திரத்துக்குள்ள நீங்க ஒரு கன்னைக் காட்டுங்க, தகரத்தைக் கடையில திருப்பிக் குடுத்துருதேன்."

காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எண்பதை நெருங்கும் வயதில் எதற்கு இந்த வீம்பு என்று வீட்டில் கேட்டார்கள்.

திருநெல்வேலிப் பேருந்து நிலையத்தில் ஞானதாஸ் காத்திருந்தார். பாளையங்கோட்டைக்காரர், கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், மாணவர் விடுதிக் காலத்திலிருந்து என் நண்பர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்பவர். மரம் செடி விஷயத்தில் அவரை விட்டால் எனக்கு ஆளில்லை. அதை அவர் நன்றாக அறிவார் என்பதுதான் தொல்லை.

"என்னவே, ஒங்க சாமிக்கு மரம் தேட எங்க ஆளுதான் வேணுமோ?" என்றார்.

"மரம் கிடைத்தால் உமக்கும் சுண்டல் உண்டு" என்று சொல்லி அவரைப் பேருந்தில் ஏற்றினேன்.

எங்கள் இருக்கைக்குப் பின்னால் ஓர் அம்மாள் ஆட்டுக் கிடா ஒன்றுடன் ஏறினார். கருநிறம், நெற்றியில் மட்டும் திருநீறு பூசியதுபோல் வெள்ளை. நடத்துநர் வந்தார்.

"யம்மா, ஆட்டுக்கும் டிக்கெட் எடுக்கணும்."

"இது சாத்தா கோயிலுக்கு நேந்த கிடா. சாமி ஆட்டுக்கு டிக்கெட்டா? சாமி வந்தா சாமிக்கும் டிக்கெட் கிழிப்பேரோ?"

"சாமி சீட்டுக்கு அடியில புழுக்கை போடாதும்மா."

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன், சேரன்மாதேவி வரைக்குந்தான். அங்கே, மாலை வாடியிருக்குமோ என்று, இருக்கைக்கடியில் வைத்திருந்த வாய் கட்டாத பையை எடுத்துப் பார்த்தால், சாத்தாவுக்கென்று பூக்கடையில் நின்று கட்டச் சொல்லி வாங்கிய செவ்வந்தி மாலையில் நார் மட்டும் மிஞ்சியிருந்தது. கிடா என் தோளுக்குப் பின்னே கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, இது என்ன அநியாயம்?" என்றேன்.

அந்த அம்மாளின் பெயர் பேச்சியம்மாள். சற்றும் கலங்கவில்லை. "சாமிக்கு வாங்குனதைச் சாமி கிடா தின்னுட்டு. எப்படியும் அங்கனதான போகணும்? வெசனப்படாதீய அண்ணாச்சி."

மருமகளுக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்ததற்கான நேர்ச்சையாம் அது. "முன்னெல்லாம் வெட்டுவாவ. இப்பம் யாரு வெட்டுதா? பாவம்லா. உசிரோட தோப்புல விட்டுட்டு வந்துருவோம். அங்கன ஏகப்பட்டது நிக்கி. மாடுகூட விட்டிருக்காவ."

புலால் உண்ணாக் குடியில் பிறந்தவன் நான். இதைக் கேட்டதும் என் கோபம் தணிந்தது. நல்ல மாற்றம் என்று மனமாரச் சொன்னேன். ஞானதாஸ் என் காதருகே குனிந்தார். "வெட்டாத ஆடு என்னவே செய்யும்? திங்கும். ஒம்ம இலுப்பைக்கு ஏன் பிள்ளை இல்லைன்னு இப்பமே தெரிஞ்சுபோச்சு."

அடுத்த ஊர் வருமுன் பேருந்தின் முன்புறத்தில் புகை கிளம்பியது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஓட்டுநர் ஒரு குடத்தோடு கால்வாய்க்குப் போனார். போனவர் அங்கேயே குளித்துவிட்டு வந்தாரோ என்னவோ, அத்தனை நேரம். மருதமர நிழலில் நின்றுகொண்டு ஞானதாஸுடன் வாதாடினேன்.

"எங்கள் செம்மண் காட்டிலும் ஆடுதான். ஆடு தின்று போட்ட நெற்றிலிருந்துதான் உடை என்னும் முள்மரம் முளைக்கிறது. கிடை போட்ட இடமெல்லாம் உடங்கன்று. ஆடு மரத்துக்குப் பகையென்று எப்படிச் சொல்கிறீர்?"

"உடை வெதைக்குத் தோல் கட்டி. ஆட்டு வயித்துக்குள்ள போனா இளகும், வெளிய வந்தா முளைக்கும். போதாததுக்கு முள்ளு வேற. இலுப்பை வெதைக்குத் தோல் மெல்லிசு. அதைத் தூக்கிட்டுப் போய்ப் போடுதது வவ்வாலு. ஆட்டுக்கு அதுல ஒரு வேலையும் கெடையாது, கன்னு வந்தப்புறம் கடிக்கதத் தவிர. ஒரே ஆடு, ஒம்ம ஊர்ல வெதைக்காரன், இங்கன அறுப்புக்காரன்."

கால்வாய்ப் பக்கம் திரும்பினேன். நெற்றியில் வெள்ளையுள்ள கிடா கரையோரப் பசுமையை ஒரு சீராக மழித்துக்கொண்டிருந்தது.

இரவு சங்கரலிங்கம் வீட்டில் சொதியும் இஞ்சித் துவையலும். தேங்காய்ப்பால் சொதி இந்த ஆற்றுப்படுகையில்தான் சொதியாக இருக்கிறது; எங்கள் பக்கம் நீர்த்துப்போகும். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன். ஆனால் கைகழுவப் போன இடத்தில், சுவரோரம் தகரங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நீலநிறம். உண்ட சொதி நெஞ்சில் நின்றுவிட்டது.

மறுநாள் காலை சோலைக்குச் சென்றோம். பேருந்து போகும் தூரம்வரை பேருந்து, பிறகு ஆட்டோ, ஓடைக்குள் ஆட்டோ இறங்க மறுத்ததால் பிறகு நடை.

தூரத்திலிருந்து பார்க்கச் சோலை அடர்த்தியாகவே தெரிந்தது. உள்ளே நுழைந்ததும் எனக்குத் திகைப்பு. வெள்ளாடு பின்னங்காலில் நின்று எட்டும் உயரம்வரை எந்தக் கிளையிலும் ஓர் இலை இல்லை. நாவிதர் கத்தரித்துவிட்டதுபோல் சோலை முழுவதும் ஒரே கோடு. கோட்டுக்கு மேலே பச்சை. கீழே வெறும் தூண்கள். ஒரு புறத்தில் நின்றால் மறு புறத்தின் வயல் தெரிந்தது. பெரிய மரங்கள் எல்லாம் கிழடுகள்; இடைப்பட்ட வயதில் ஒன்றில்லை, பிஞ்சு வயதில் ஒன்றில்லை. முதியோர் மட்டும் வாழும் தெருபோல் இருந்தது.

நன்னாரி இல்லை. துளசி இல்லை. முன்பு காலில் சுற்றிய கொடிகள் இல்லை. தரையெங்கும் எருக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி.

பூசாரி மாடசாமி எதிரில் வந்தார். ஆட்கள் அவரைக் கும்பிட்டால் அவர் ஆடுகளைக் கும்பிடுகிறார். அவை சாத்தாவின் பீடத்திலேயே ஏறிப் படுத்திருந்தன.

"விரட்டக்கூடாதா?" என்றேன்.

"நேந்து விட்டதை அதட்டக்கூடாது சாமி. கம்பு ஓங்குனா வீட்டுக்கு ஆகாது. முன்னால சிறுத்தை எறங்கி ஒண்ணு ரெண்டு கொண்டுபோகும். இப்பம் ஆளு நடமாட்டம் சாஸ்தி, அதுவும் வாறதில்ல."

"மிளா மான் வருமா?" என்று ஞானதாஸ் கேட்டார்.

"மழைக்கு எறங்கும். நாலு கடி கடிச்சுட்டு மேல ஏறிரும்."

"அதான் வித்தியாசம்" என்றார் ஞானதாஸ் என்னிடம். "அது வந்து போற விருந்தாளி. இது வீட்டோட வந்து ஒக்காந்த மாப்பிள்ளை."

வீட்டோடு மாப்பிள்ளை என்ற சொல் சங்கரலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. அவனுடைய மருமகன் அவனோடுதான் இருக்கிறான். பேச்சை மாற்றுவதற்காக எருக்கைக் காட்டி, "பாருங்க அத்தான், சிவனுக்கு உகந்த எருக்கும் ஊமத்தையும் தானா பெருகுது. இது தெய்வ சித்தம்லா?" என்றான்.

எனக்கு வந்த சினத்துக்கு அளவில்லை. "ஆடு கடிக்காததெல்லாம் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான்! இதில் சித்தம் எங்கே வந்தது?"

ஞானதாஸ் மெதுவாகச் சிரித்தார். "அப்பம் ஒங்க சாமி தலையில வச்சிருக்கது எல்லாம் ஆடு ஒதுக்குனதுதானா வே?"

அந்தக் கேள்வி என்னோடு நடந்து வந்தது. அன்று பகல் முழுவதும் தேடினோம். விழுந்த இலுப்பையைச் சுற்றி, ஓடைக்கரையில், பாறையிடுக்கில். புழுக்கை கிடைத்தது, கன்று கிடைக்கவில்லை. கீழே விழும் இலுப்பை விதையை எல்லாம் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஆட்டப் பொறுக்கிவிடுவது எங்கள் வழக்கம். பொறுக்காமல் விட்டது முளைத்தால் ஆடு. இரு வழியையும் அடைத்துவிட்டுக் கன்றைக் காணோமென்று பூக்கட்டிப் பார்க்கிறோம்.

மாலையில் பேச்சியம்மாள் தம் கிடாவுக்கு மஞ்சள்நீர் தெளித்து, கயிற்றை அவிழ்த்து, கண்ணீரோடு விட்டார். அது திரும்பியும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஞானதாஸ் வழியை மாற்றினார். "விழுந்த மரத்துக்கடியில தேடுனது தப்பு. வவ்வால் எங்க தொங்குதோ அங்க தேடுவோம்" என்றார். சோலையின் தென்கோடியில் ஒரு புளியமரம். கிளைதோறும் பழந்தின்னி வவ்வால்கள். அதன் கீழே, ஆடு நுழையமுடியாத பெரிய சூரைமுள் புதர் ஒன்று. கொக்கி கொக்கியாக முள். ஞானதாஸ் தரையில் படுத்து, டார்ச்சு அடித்துப் பார்த்தார். எழுபத்தெட்டு வயது மனிதர்.

"வே" என்றார். குரல் மாறியிருந்தது. "இங்கன வாரும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் படுத்தேன். முள்ளுக்கு நடுவே, இடுப்புயரத்தில், ஒற்றைத் தண்டு. நுனியில் செம்பு நிறத்துத் தளிர்கள் கைகூப்பியதுபோல் குவிந்திருந்தன. சாத்தாவின் இலுப்பையைத் தவிர இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு இலுப்பை இல்லை. ஐயமில்லை, அதன் பிள்ளைதான்.

படுத்தபடியே ஒரு பதிகத்தைத் தொடங்கினேன். பாதியில் குரல் உடைந்தது. ஞானதாஸ் எழுந்து தள்ளிப்போய் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சங்கரலிங்கம் ஓடிவந்தான், படுத்துப் பார்த்தான், எழுந்து என்னைக் கட்டிக்கொண்டான். "செயிச்சுட்டீய அத்தான்! தகரம் வேண்டாம். சொன்னா சொன்னதுதான்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், எல்லாரும் கேளுங்க" என்றார் ஞானதாஸ். "யாரும் இதைத் தொடாதீய. இந்த முள்ளுதான் இதுக்குத் தாயி. பைய அதுவா மேல வரும். ஆட்டுக்கு எட்டாத ஒசரம் வந்தப்புறம் பாத்துக்கிடலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு எங்கள் ஆட்கள் செய்ததைக் கேளுங்கள்.

நானும் ஞானதாஸும் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தோம். பொருநைத் தண்ணீர் பங்குனியிலும் குளிர்ந்திருந்தது. சற்று அதிகமாகவே ஊறிவிட்டோம். திரும்பி வரும்போது மேளம் கேட்டது. தொலைபேசியில் செய்தி பரவி, பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வந்தவர்கள் புதருக்குள் இருக்கும் தெய்வக் கன்றைக் காணவில்லையே என்று ஏங்கியிருக்கிறார்கள். தரிசனம் தடைபடலாமா? மாடசாமி அரிவாளை எடுத்துவிட்டார். சூரைமுள் முழுவதும் வெட்டி அப்புறப்படுத்தப்பட்டு, தரை கூட்டி, கோலமிட்டு, கன்றுக்கு மஞ்சள் துணி கட்டி, குடம் குடமாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு வெட்டினீர்கள்?" என்று கத்தினேன்.

"சாமியைச் சுத்தி முள்ளு கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் மாடசாமி.

ஞானதாஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அங்கிருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஏசினேன். ஏசி முடித்தபின், ஓர் அம்மாள் செவ்வந்தி மாலையை என் கையில் கொடுத்து, "பெரியவிய நீங்களே போடுங்க" என்றார். போட்டேன். முள்ளை நீக்கியதைக் கண்டித்த அதே வாயால் ஒரு பாடலையும் பாடி, மாலையை அந்த மெல்லிய தண்டில் நானே சாற்றினேன். அத்தனை அழகாக இருந்தது.

பிறகு சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். கூட்டாஞ்சோறு, வடகம், பானகம். பந்தியில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். வடகம் நொறுங்கும் ஓசையில் வேறொன்றும் கேட்கவில்லை.

கைகழுவி வந்து பார்த்தபோது, கோலத்தின் நடுவே நெற்றியில் வெள்ளையுள்ள கிடா நின்றிருந்தது. மாலையைத் தேடி வந்தது, மாலையோடு தளிரையும், தளிரோடு தண்டையும் கொண்டுபோயிருந்தது. மஞ்சள் துணியின் நுனி அதன் வாயிலிருந்து தொங்கியது. தரையில் ஒரு சாண் குச்சி மட்டும் நின்றது. அதன் கடிவாயிலிருந்து வெள்ளைப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் ஊற்றியதை அது எங்களுக்குத் திருப்பிக் கொடுப்பதுபோல் இருந்தது.

கிடாவை அதட்ட ஒருவரும் துணியவில்லை.

சங்கரலிங்கம்தான் முதலில் தொண்டையைச் செருமினான். "அத்தான்... தகரத்தை..."

"வாயை மூடு" என்றேன். என் மனைவியின் தம்பியை நான் அப்படிப் பேசியது கிடையாது.

ஞானதாஸ் மண்டியிட்டுத் தண்டின் அடியைத் தடவிப் பார்த்தார். "வேர் நல்லா எறங்கியிருக்கு. இலுப்பை வெட்டுனா துளுக்கும். விட்டா துளுக்கும். விடுவீயளா?"

வெட்டியெறிந்த சூரைமுள் ஓடைப்பக்கம் குவிந்து கிடந்தது. நான் போய் ஒரு கொத்தை வெறுங்கையால் தூக்கினேன். கொக்கிமுள் தோலைப் பற்றி இழுத்தது. கொண்டுவந்து குச்சியின் மேல் வைத்தேன்.

மாடசாமி பதறினார். "சாமி மேல முள்ளைப் போடுதீயளா? ஒங்களுக்கே இது நல்லாருக்கா?"

"மாடசாமி, ஆடு ஒதுக்கிய எருக்கைப் பெருமான் சூடிக்கொண்டார். ஆடு ஒதுக்கும் முள்ளை அவர் பிள்ளை சூடிக்கொள்ளமாட்டாரா? பூவை வைத்தோம், என்ன நடந்தது என்று பார்த்தீர் அல்லவா?"

இரண்டாவது கொத்தை எடுக்கப் போனபோது என் கையில் இரத்தம் வழிந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியம்மாள் வந்தார். உத்திரம் முடிந்துதான் ஊர் திரும்புவதென்று கோயிலிலேயே தங்கியிருந்தவர். முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு பெரிய முட்கிளையைக் காம்புப்பக்கம் பிடித்து இழுத்துவந்து போட்டார்.

"எங் கிடா தின்ன பாவத்துக்கு" என்றார். பிறகு என் கையைப் பார்த்து, "அடிப்பக்கமாப் பிடிக்கணும் அண்ணாச்சி. இதுகூடத் தெரியாம என்னத்தப் படிச்சீய?" என்றார்.

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் முள் சுமந்தார்கள். கடைசியாக மாடசாமியும்.

உத்திரத்தன்று ஊர் ஊராக வந்த குடும்பங்களிடம் மாடசாமியே சொன்னார்: கன்றுக்குப் பூ வேண்டாம், பால் வேண்டாம், ஆளுக்கொரு முட்கிளை. கூடங்குளத்துக் குடும்பமொன்று வண்டி வைத்து உடைமுள் கொண்டுவந்தது. எங்கள் செம்மண் முள்! மாலைக்குள் அது ஒரு சிறு குன்றாகிவிட்டது. நான் அதற்கு முன்னின்று முழுப் பதிகமும் பாடினேன். இம்முறை குரல் உடையவில்லை.

நேர்ச்சைக் கிடாக்களுக்குச் சோலைக்கு வெளியே தொழுவம் அமைப்பதென்று முடிவாயிற்று. தழை அறுத்துப் போட ஆளும் ஏற்பாடு. தொழுவத்துக்குக் கூரை? சங்கரலிங்கம் திரும்பக் கொடுக்காத அந்த நீலத் தகரம்தான். ஆக, என் மாலையையும் என் சாத்தாவின் வாரிசையும் தின்ற கிடா இன்று கூரையின் கீழ்ப் படுத்திருக்கிறது. சாத்தா வெயிலில் இருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவருக்கு வருவதாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பியபின் பலரும் கேட்கிறார்கள்: கன்று துளிர்த்ததா? நான் பார்க்கவில்லை. மாடசாமியும் பார்க்கவில்லை, பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. பார்க்கவேண்டுமானால் முள்ளை விலக்கவேண்டும்.

காணாமலே கும்பிடும் அந்தப் பொறுமை, இதைப் படித்த உங்கள் அனைவருக்கும் வாய்க்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஊர் மரங்களின் பிள்ளைகளும் எட்டாத உயரத்துக்கு வளரட்டும். சாத்தா துணை நிற்பாராக.